'ட்ரூசன்' என்பதற்குத் தமிழ்ச்சொல்: நிறமியடிப் படிவு?

நாகர்கோவில், விழித்திரை மருத்துவர்:

மாக்குலா சிதைவு (வயதாகும்போது விழித்திரையின் நடுப்பகுதி நலியும் நோய்) பற்றி நோயாளிகளுக்கான கையேட்டில் 'ட்ரூசன்' இன்னும் அப்படியே கிடக்கிறது. 'கொழுப்புப் புள்ளி', 'கசடு', 'விழிமணிப் படிவு' என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. கருத்துச் சொல்லுங்கள்.

பொருள் இதுதான்: விழித்திரையின் நிறமிச் செல்லடுக்குக்கும் அதன் கீழேயுள்ள புருக் சவ்வுக்கும் நடுவே சேரும் வெளிர்மஞ்சள் படிவு. கொலஸ்ட்ரால், அப்போலிப்போபுரதங்கள் (கொழுப்பைச் சுமக்கும் புரதங்கள்), எதிர்ப்பாற்றல் சார்ந்த சில புரதங்கள், துத்தநாகம் எல்லாம் அதில் உண்டு.

மார்த்தாண்டம், கண் பரிசோதகர்:

'கொழுப்பு' வேண்டாம் டாக்டர். கேட்ட மாத்திரத்தில் தேங்காயெண்ணெயையும் மீனையும் நிறுத்திவிடுவார்கள். நிறமிச் செல்களே லிப்போபுரதம் (கொழுப்பும் புரதமும் சேர்ந்த துகள்) செய்து வெளிவிடுகின்றன, சாப்பாட்டுக் கொழுப்பு நேரே போய் அங்கே உட்காருவதில்லை. மீனை நிறுத்தச் சொல்ல ஒரு காரணமும் கிடையாது.

'கசடு' என்றால் சொட்டு மருந்து கேட்பார்கள். சொட்டு மருந்தில் இது கரையாது. 'புள்ளி' என்றாலோ கண்முன் பறக்கும் கரும்புள்ளியோடு குழப்பிக்கொள்வார்கள். அது கண்ணின் கூழ்ப்பொருளில் மிதப்பது, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

தக்கலை, தமிழாசிரியர்:

அப்படியானால் 'படிவு' அடிச்சொல்லாக இருக்கட்டும். 'விழிமணி' என்பது கண்ணின் மணியைக் குறிக்கும், அது வேண்டாம். உருண்டையாகத் தெரியும் என்பதால் 'மணிப்படிவு' ஆகுமா டாக்டர்?

நாகர்கோவில், விழித்திரை மருத்துவர்:

ஆகாது டீச்சர். விளிம்பு தெளிவாக, சிறிதாக இருக்கும் வன்படிவுக்குத்தான் 'மணி' பொருந்தும். விளிம்பு மங்கி ஒன்றோடொன்று சேர்ந்துபோகும் மென்படிவுதான் ஆபத்தானது. அதை விட்டுவிட்டுப் பெயர் வைக்க முடியாது.

எனக்கு இடம்தான் முக்கியம். ஒளியுணர் செல்களின் தேய்ந்த நுனிகளை நிறமிச் செல்கள் அன்றாடம் விழுங்கிச் செரிக்கின்றன. அவற்றுக்கு ஆக்சிஜனும் ஊட்டமும் கீழேயுள்ள இரத்தக் குழாய்ப் படலத்திலிருந்து புருக் சவ்வு வழியாக வருகின்றன. பேச்சிப்பாறைக் கால்வாயின் மடைவாயில் வண்டல் ஏறினால் வயலுக்குத் தண்ணீர் குறைவதைப் போல, நடுவில் படிவு தடித்தால் இந்தப் போக்குவரத்து தடைபடும். மேலே செல்கள் நலிந்து அழிந்தால் அது மாக்குலா சிதைவில் உலர் வகையின் முற்றிய நிலை. அடியிலிருந்து புதுக் குழாய்கள் சவ்வைத் துளைத்து வளர்ந்து கசிந்தால் ஈர வகை. ஆகவே சொல்லில் 'அடி' வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. நிறமி அடுக்குக்கு மேலேயும் வலைபோல ஒரு படிவு சேர்வதுண்டு. ஓசிடி படத்தில் (விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்காகக் காட்டும் ஸ்கேன்) இரண்டையும் பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

தக்கலை, தமிழாசிரியர்:

'அடிப்படிவு' என்று மட்டும் எழுதினால் 'அடிப்படை' என்று வாசித்துவிடுவார்கள். 'நிறமியடிப் படிவு', 'நிறமிமேற் படிவு' என்று இணையாக வைத்துக்கொள்ளலாம். பார்வை நரம்புத் தலையிலும் 'ட்ரூசன்' என்கிறார்களே, அது?

நாகர்கோவில், விழித்திரை மருத்துவர்:

பெயர் மட்டுமே ஒன்று. சுண்ணாம்பேறிய அந்த உருண்டைகளுக்கும் மாக்குலா சிதைவுக்கும் உறவில்லை. நரம்பு வீங்கியிருக்கிறது என்று தவறாக நினைக்க வைப்பதுதான் அங்கே சிக்கல். 'நரம்புத்தலைச் சுண்ணப்படிவு' என்று பிரித்துவிடலாம்.

அளவையும் சேர்த்துக்கொள்வோம். 63 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் சிறிது. 63 முதல் 125 வரை நடுத்தரம். 125-க்கு மேல் பெரிது, நரம்புத்தலை விளிம்பில் ஓடும் சிரையின் அகலத்தைவிட அதிகம். சிறியவை மட்டும் இருந்தால் அது வயதின் இயல்பு, நோய் என்று எழுதவே கூடாது.

மார்த்தாண்டம், கண் பரிசோதகர்:

அவற்றுக்கு 'நுண்படிவு' என்றே தனிப்பெயர் இருக்கட்டும். 'உங்களுக்கு நுண்படிவுதான்' என்றால் பயம் தெளியும். பெரிய படிவு உள்ளவர்களுக்கு ஆம்ஸ்லர் கட்டம் (நடுவில் புள்ளி வைத்த கட்டக்கோட்டுத் தாள்) பற்றி எழுதுங்கள்: வாசிப்புக் கண்ணாடி போட்டு, 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணாலும் சேர்ந்து பார்த்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். கோடு வளைந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்கக் கூடாது.

நாகர்கோவில், விழித்திரை மருத்துவர்:

சேர்க்கிறேன். மாத்திரைப் பகுதியில் வைட்டமின் சி 500 மி.கி., லூட்டீன் 10 மி.கி., சியாசாந்தின் 2 மி.கி., துத்தநாகம், தாமிரம், வைட்டமின் இ கொண்ட கலவை இடைநிலை நோய்க்கும், ஒரு கண்ணில் மட்டும் முற்றிய நோய்க்கும்தான் என்றும், புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் உள்ள பழைய கலவையை வாங்கக் கூடாது என்றும் இருக்கும். அந்தக் கலவை படிவைக் கரைக்காது, நோய் முற்றும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். முதல் பக்கத்தில் 'நிறமியடிப் படிவு' என்றே அச்சிடுகிறேன். ஸ்கேன் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க 'ட்ரூசன்' ஒருமுறை பக்கத்திலேயே நிற்கட்டும்.