செட்டிநாட்டு வீட்டுக்குள் சிக்னல் இல்லை: மாடியில் ஆன்டெனா வைக்கலாமா?

கானாடுகாத்தான் பேரன்:
அப்பத்தா மட்டும் தனியாக இருக்கும் பழைய வீடு. மொட்டை மாடியில் நல்ல சிக்னல், வளவுக்குள் (உள் முற்றம் உள்ள பகுதி) வந்தால் ஒரு கோடு, அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டில் சுத்தமாக இல்லை. சுண்ணாம்புச் சுவர் அவ்வளவு தடிமன். போன வாரம் காய்ச்சலோடு படுத்திருந்தவர்களைக் காலையிலிருந்து கூப்பிட்டும் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்றே வந்தது, கடைசியில் பக்கத்து வீட்டில் சொல்லிப் போய்ப் பார்க்க வைத்தேன். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கவா, நானே ஆன்டெனா செய்யவா? அவர்களிடம் இருப்பது பட்டன் போன்.

பள்ளத்தூர்க்காரன்:
பூஸ்டர் மட்டும் வேண்டாம் தம்பி. அனுமதி இல்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம், தெருவில் மற்றவர்கள் சிக்னலும் கெடும். ஆன்டெனா அப்படியில்லை, ஆனால் அதைப் போனில் சொருக வழி கிடையாது. வெளி ஆன்டெனா சாக்கெட் உள்ள 4ஜி சிம் ரவுட்டர் வாங்குங்கள். செய்வதும் சிரமம்: 4ஜிக்குப் பயன்படும் 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஆன்டெனாவின் ஒவ்வொரு கம்பியும் சுமார் 8 சென்டிமீட்டர்தான், சில மில்லிமீட்டர் பிசகினாலே அலைவரிசை நகர்ந்துவிடும். 700 முதல் 2700 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும் லாக் பீரியாடிக் வகை ஆன்டெனா வாங்கினால் எந்த கம்பெனி சிம்முக்கும் ஆகும்.

அப்புறம் கேபிள். நான் ஏமாந்தது இதில்தான். மாடியிலிருந்து கீழே வரை 15 மீட்டர் மெல்லிய ஆர்ஜி 58 கேபிள் இழுத்தேன், ஆன்டெனா சேர்த்துக் கொடுத்த 10 டெசிபல் சிக்னல் பலத்தையும் கேபிளே தின்றுவிட்டது. ஒரு வாரம் டவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ரவுட்டரை மாடிப்படி அறையிலேயே வைத்து, 2 மீட்டர் கேபிளோடு ஆன்டெனாவை இணைத்தேன். இலங்கை டிவி ரூபவாஹினி பார்க்க அப்பா அந்தக் காலத்தில் நட்ட இரும்புக் குழாய் இன்னும் நிற்கிறது, அதிலேயே கட்டினேன். கீழே லேன் வயர் முற்றத்து வழியாக இறங்குகிறது, சுவரில் ஒரு துளைகூடப் போடவில்லை.

தேவகோட்டை ஆச்சி:
ரவுட்டரின் வைஃபை வழியாகவே பேசும் வைஃபை காலிங் வசதி பட்டன் போனில் பெரும்பாலும் வராது. டெலிபோன் சாக்கெட் உள்ள ரவுட்டர்கள் இருக்கின்றன. வோல்டிஇ (4ஜி வழியாகவே பேசுவது) வருமா என்று கேட்டு வாங்கி, அப்பத்தாவின் சிம்மையே அதில் போட்டுப் பழைய லேண்ட்லைன் போனை மாட்டுங்கள். நம்பர் மாறாது. எங்கள் அம்மாவுக்கு இப்படித்தான் வைத்தோம், ரிசீவரை எடுத்துப் பேசுவது அவர்களுக்குக் கைவந்த பழக்கம். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம், கரண்ட் போனால் போனும் போய்விடும். குழாய்க்கு எர்த் கொடுங்கள். ஐப்பசி மழையில் இடி விழுந்தால் விளையாட்டில்லை.

பள்ளத்தூர்க்காரன்:
ஆச்சி சொன்னது சரி. வாங்குவதற்கு முன் போனில் சிக்னல் அளவு காட்டும் ஆப்பைப் போட்டு மாடியின் நான்கு மூலையிலும் நின்று பாருங்கள். ஆப் டிபிஎம் அளவில் காட்டும்: மைனஸ் 110க்குக் கீழே போனால் மோசம், மைனஸ் 95 பக்கம் வந்தால் தாராளம். ரவுட்டரில் இரண்டு ஆன்டெனா சாக்கெட் இருந்தால் இரண்டு ஆன்டெனா, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் 45 டிகிரி சாய்த்து.

கானாடுகாத்தான் பேரன்:
பார்த்துவிட்டேன் அண்ணே. கொல்லைப் பக்கம் மைனஸ் 112, முகப்புப் பக்கக் கைப்பிடிச் சுவரோரம் மைனஸ் 93. ஆச்சி சொன்ன மாதிரி ரவுட்டரே வாங்குகிறேன். டெலிபோன் வயரை இரண்டாங்கட்டு வரை இழுத்துவிடுவேன், அப்பத்தா படுப்பது அங்கேதான்.