காரை களிமண்ணில் ஜிப்சம் கிடைக்கிறதே, அங்கே கடல் வற்றியதா?

திண்ணைப்பள்ளி:
பெரம்பலூர் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஊட்டத்தூர் வழியாகக் காரைக்கு அழைத்துப் போயிருந்தேன். மழைத்தண்ணீர் அரித்து அரித்துச் செம்மண் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற அந்த இடத்தில், வெயில் பட்டதும் தரையெல்லாம் கண்ணாடித் துண்டு போல மின்னுகிறது. எல்லாம் ஜிப்சம். "கடல் தண்ணி காஞ்சுபோனா ஜிப்சம் வரும்னு சொன்னீங்களே டீச்சர், அப்போ இங்கே கடல் காஞ்சுபோச்சா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதே களிமண்ணில்தான் பிள்ளைகள் பெலம்னைட்டும் பொறுக்கினார்கள், துப்பாக்கி ரவை மாதிரி இருக்குமே, அது. சுருண்ட ஓடு கொண்ட அம்மோனைட்டின் அச்சும் ஒன்று கிடைத்தது. இரண்டும் கடல் உயிர்கள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

ஊற்றுக்கண்:
அந்தக் காலத்தில் கடல் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறது டீச்சர். கடல் இருந்தபோது அம்மோனைட், பின்வாங்கி உப்பங்கழியாகி வற்றியபோது ஜிப்சம் என்று எடுத்துக்கொள்ளலாமே?

ஓடைக்கரை:
டீச்சர், அந்தப் பிள்ளையின் கேள்வி அருமையானது. கடல் ஏறி இறங்கியது உண்மைதான். ஆனால் காரை ஜிப்சத்தை அதற்குச் சாட்சியாக நிறுத்த முடியாது என்பது என் உறுதியான கருத்து. திருச்சியில் நிலவியல் படித்த காலத்திலிருந்து அந்த ஓடைகளில் நடக்கிறவன் நான்.

அடுத்த முறை போகும்போது தரையில் உதிர்ந்து கிடப்பதை விட்டுவிடுங்கள். ஓடை செங்குத்தாக அறுத்த சுவர் ஒன்றைத் தேடி, அதன் முன்னால் உட்காருங்கள். களிமண் அடுக்குகள் லேசான சாய்வோடு ஒரே பக்கம் போகும். ஜிப்சமும் அப்படியே போகிறதா என்று பாருங்கள். சில தகடுகள் அடுக்கோடு சேர்ந்து போகும். ஆனால் பல நரம்புகள் அடுக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேலேறும், கிளை பிரியும், ஒன்றையொன்று தாண்டும். ஒரு நரம்பை உடைத்தால் உள்ளே வெள்ளைப் பட்டு நூல் போன்ற இழைகள் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நேராக நிற்கும். விரிசல் விழுந்து, அது மெல்ல அகல அகல, நடுவில் வளர்ந்த படிகம்தான் இப்படி இருக்கும். அடுக்கை வெட்டிப் போகும் எதுவும் அந்த அடுக்கைவிட இளையது. களிமண் கடலடியில் படிந்து, இறுகி, விரிசல் விட்ட பிறகு வந்தது இந்த ஜிப்சம்.

கடல் வற்றிப் படியும் ஜிப்சம் வேறு மாதிரி இருக்கும். சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலுக்கு அட்லாண்டிக்கோடு இருந்த தொடர்பு குறுகியபோது படிந்தது இன்றும் சிசிலித் தீவில் தெரிகிறது. அங்கே ஜிப்சமே பெரிய பெரிய அடுக்காக, படுகைக்கு இணையாகக் கிடக்கிறது. அவ்வளவு உப்பேறிய தண்ணீரில் அம்மோனைட், பெலம்னைட் வகையறா பிழைக்காது. இன்றைய கணவாய், ஆக்டோபஸின் உறவுகள் அவை. சாதாரணக் கடல் உப்புதான் அவற்றுக்கு ஒத்துவரும்.

அப்படியானால் ஜிப்சம் எங்கிருந்து வந்தது? சேற்றிலிருந்தேதான். நுண்ணிய சேறு கடலடியில் மக்கிய உயிர்ப்பொருளோடு சேர்ந்து படியும்போது உள்ளே ஆக்சிஜன் போய்ச் சேராது. அந்த நிலையில் இரும்பும் கந்தகமும் கூடிப் பைரைட் ஆகும். பிற்காலத்தில் நிலம் உயர்ந்து, காற்றும் மழையும் பட்டதும் பைரைட் சிதைந்து கந்தக அமிலம் கொடுக்கும். அமிலம் சிப்பி ஓடுகளைக் கரைக்க, அதில் கிடைக்கும் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் ஜிப்சம். மிச்ச இரும்புதான் நீங்கள் பார்த்த துருச் சிவப்பும் மஞ்சளும்.

உங்கள் கையில் கிடைத்தது அம்மோனைட்டின் ஓடு இல்லை, அச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் இதோடு பொருந்துகிறது. அம்மோனைட்டின் ஓடு அரகோனைட் என்ற கனிமம், எளிதில் கரைந்துவிடும். பெலம்னைட்டின் கூர்முனை கெட்டியான கால்சைட் என்ற கனிமம், அதனால் தாக்குப்பிடிக்கிறது. பிள்ளைகளிடம் ஜிப்சத்தையும் பெலம்னைட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நகத்தால் கீறினால் ஜிப்சத்தில் கோடு விழும், பெலம்னைட்டில் விழாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பெலம்னைட் நுரைக்கும், ஜிப்சம் சும்மா இருக்கும்.

ஆக அவளுக்கு என் பதில்: களிமண் படிந்தபோது, அதாவது சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கே கடல் இருந்தது. அலை கலக்காத அமைதியான அடித்தளம், அதனால்தான் மணல் இல்லாமல் இவ்வளவு சேறு. ஜிப்சம் சொல்வது அந்தக் கடலுக்குப் பிந்தைய கதை.

திண்ணைப்பள்ளி:
மிக்க நன்றி ஐயா. ஒரு சந்தேகம். பெலம்னைட் இருப்பதால் கடல் ஆழமாக இருந்தது என்று சொல்லலாமா? அப்புறம் சாத்தனூர் கல்மரம், கல்லாகிப்போன மரம். 18 மீட்டர் நீள மரம் கிடக்கிறது என்றால் அங்கே காடுதானே இருந்திருக்கும்?

சுரங்கச்சாலை:
நான் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கிறேன். சிப்பியைப் பார்க்கும்போது எங்கள் ஜியாலஜிஸ்ட் முதலில் கேட்பது, "ரெண்டு ஓடும் சேர்ந்திருக்கா, பிரிஞ்சிருக்கா?" என்பதுதான். கல்லங்குறிச்சிப் படுகையில் கிரைஃபியா என்கிற தடித்த சிப்பி குவியல் குவியலாக வரும். மூடியும் அடியும் சேர்ந்தே இருந்தால் வாழ்ந்த இடத்திலேயே புதைந்தது. ஓடு தனித்தனியாக, உடைந்து, கவிழ்ந்து கிடந்தால் அலையோ நீரோட்டமோ வாரிக் கொட்டியது. ஒரே சுரங்க முகப்பில் இரண்டையும் பார்க்கலாம் டீச்சர்.

ஓடைக்கரை:
சுரங்கச்சாலை சொன்னதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. வாழ்ந்த இடம் வேறு, புதைந்த இடம் வேறு. பெலம்னைட் நீந்தும் உயிர், செத்தால் எங்கு வேண்டுமானாலும் விழும். கடல் தண்ணீர் எப்படி இருந்தது என்று அது சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. ஆழத்துக்கு அடித்தளத்தில் ஒட்டி வாழ்ந்ததைக் கேட்க வேண்டும்: சிப்பி, புழுக்குழாய், எல்லாவற்றுக்கும் மேலாக ஃபொராமினிஃபெரா என்கிற, ஓடுள்ள நுண்ணிய ஒருசெல் உயிர்கள். ஒரு கைப்பிடிக் களிமண்ணை ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் அலசி, மிஞ்சியதை நுண்ணோக்கியில் பாருங்கள். கரையோரத்தில் அடித்தள வகைகள் மிகுதி. கரையை விட்டுத் தள்ளி ஆழம் கூடக் கூட மிதவை வகைகளின் பங்கு ஏறும். பள்ளி நுண்ணோக்கியே போதும், பிள்ளைகள் மெய்மறந்து போவார்கள்.

சாத்தனூர் மரத்துக்கும் இதே கணக்குதான். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் வெளியுலகுக்குச் சொன்ன மரம் அது. மரம் நின்ற நிலையில் இல்லை, படுத்துக் கிடக்கிறது. சுற்றியுள்ள அடுக்குகளில் கடல் சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் இருக்கின்றன. மேற்கே நிலம், அங்கே காடு. ஆறு மரத்தை அடித்துவர, அது கடலில் மிதந்து, ஊறி, மூழ்கி, மணலில் புதைந்தது. காடு அங்கேயே இருந்தது என்று சொல்ல வேண்டுமானால் வேரோடு நிற்கும் அடிமரமும் அதற்குக் கீழே பழைய மண்ணும் காட்ட வேண்டும்.

பூங்காவில் உள்ள மரத்தைத் தொடாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட சின்னம். ஆனால் அந்த வட்டாரத்து ஓடைகளில் சிறு கல்மரத் துண்டு கண்ணில் பட்டால், அங்கேயே வைத்துத் திருப்பிப் பாருங்கள். விரல் நுழைகிற அளவிலோ சிறியதாகவோ உருண்டைத் துளைகள் இருந்து, உள்ளே வேறு நிறக் கல் அடைத்திருந்தால், அது கடலில் மரம் துளைக்கும் சிப்பியின் வேலையாக இருக்கலாம். படம் எடுத்து இங்கே போடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து.