பிலான்ஸ்பெர்க் வளையம்: எரிமலையா, விண்கல் பள்ளமா?

வான்நோக்கி:
செயற்கைக்கோள் படத்தில் தென்னாப்பிரிக்காவின் பிலான்ஸ்பெர்க்கைப் பார்த்தேன். சமவெளி நடுவே ஒன்றுக்குள் ஒன்றாக வட்டமான மலைத்தொடர்கள், குறுக்களவு சுமார் 25 கி.மீ. பழைய எரிமலை என்கிறார்கள். அப்படியென்றால் எரிமலை வாய் எங்கே? நடுவில் ஏரி வேறு தெரிகிறது. விண்கல் விழுந்த இடமாக இருக்குமோ?

பாறைப்பித்தன்:
எரிமலைதான், ஆனால் நீங்கள் பார்ப்பது அதன் வேரை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது, மேலே இருந்த மலை பெரும்பாலும் அரித்துப் போய்விட்டது. அடியில் இருந்த மாக்மா (உருகிய பாறைக் குழம்பு) வெளியேறியதும் தாங்க ஆளில்லாமல் மேற்கூரை இறங்கி, சுற்றிலும் வட்டமாக விரிசல் விட, அந்த விரிசல்களுக்குள் மறுபடி மாக்மா ஏறி உறைந்தது. இப்படிப் பல தடவை. கெட்டியான பாறை மேடாக நிற்கிறது, மற்றது தேய்ந்து பள்ளத்தாக்காகிவிட்டது, அவ்வளவுதான்.

சும்மாகேட்பவன்:
சரி, விண்கல் இல்லை என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்? வட்டம் வட்டம்தானே?

பாறைப்பித்தன்:
வட்டத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. அதே நாட்டில் வ்ரெட்ஃபோர்ட் இருக்கிறது, சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய இடம். அங்கே பாறையில் மோதலின் அதிர்ச்சியால் வந்த கூம்பு கூம்பான கீறல்கள், குவார்ட்ஸ் படிகத்துக்குள்ளும் அதே தழும்பு. பிலான்ஸ்பெர்க்கிலோ மாக்மா நிலத்தடியில் உறைந்து உண்டான சையனைட் (syenite), நெஃபலின் என்ற கனிமம் கலந்த ஃபோயாயிட் ஆகிய பாறைகள், இடையிடையே எரிமலைக் குழம்பும் சாம்பலும் இறுகிய பாறைகள். மோதலில் இதெல்லாம் வளையமாக அடுக்கிக்கொள்ளாது.

மேகக்கூட்டம்:
அப்புறம் அந்த ஏரி மங்க்வே அணை. மனிதர்கள் கட்டியது, எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.