நம் எண்ணை விற்பவரிடம் அதை அழிக்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டா?

கோத்தகிரி வாசகி:
கோடை சீசனில் ஊட்டியில் ஒரு கடையின் குலுக்கல் சீட்டில் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிப் போட்டேன். மறுவாரத்திலிருந்து மனை விற்பவர்களும் கடன் தருபவர்களும் அழைக்கிறார்கள். நான் பச்சைத் தேயிலை போடும் சிறு விவசாயி என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எண் எங்கே கிடைத்தது என்று கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள். கலிபோர்னியாவில் ஒரே விண்ணப்பத்தில், மக்களின் விவரங்களைத் திரட்டி விற்கும் தரவுத் தரகர்கள் அனைவரிடமும் நம் விவரங்களை நீக்கச் சொல்லலாமாமே, இங்கே அப்படி வழி உண்டா?

குன்னூர் வழக்கறிஞர்:
அம்மா, நீங்கள் படித்தது உண்மைதான். 2023இல் அங்கு இயற்றப்பட்ட சட்டப்படி அரசுத் தளம் 2026 ஜனவரியில் விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கியது. தரகர்கள் 2026 ஆகஸ்ட் முதல் 45 நாள்களுக்கு ஒரு முறையாவது அதைப் பார்த்து விவரங்களை நீக்கியாக வேண்டும். தவறினால் விண்ணப்பம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 200 டாலர் அபராதம். இதற்கெல்லாம் அடிப்படை, தரகர்கள் ஆண்டுதோறும் அரசிடம் பதிந்தாக வேண்டும் என்ற விதி. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம் அதை 2018இலேயே கொண்டுவந்தது. யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் எதை அழிக்கச் சொல்வது?

நமது 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தரகர்களுக்கெனத் தனிப் பதிவேடு இல்லை. சீட்டில் எழுதியதைக் கணினியில் ஏற்றியிருந்தால் சட்டம் பொருந்தும். யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று 11ஆம் பிரிவின்படி அந்தக் கடையைக் கேட்கலாம். 12ஆம் பிரிவின் அழிப்புரிமையோ நாம் ஒப்புதல் கொடுத்த தரவுக்குத்தான். நம்மைக் கேட்காமலே வாங்கி வைத்திருப்பவரிடம் அந்த உரிமையைக் காட்ட முடியாதது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். 2025 நவம்பரில் விதிகள் வெளியானாலும், இவ்வுரிமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

உதகை விடுதிக்காரர்:
அதுவரை 1909 எண்ணில் விளம்பர அழைப்புகளைத் தடுக்கப் பதியுங்கள். மீறி அழைத்தால் 7 நாளுக்குள் அங்கேயே புகார் செய்யலாம். விடுதி நடத்தும் நாங்களும் பொறுப்பாளிகளே. பல வரவேற்பறைகளில் விருந்தினரின் ஆதார் நகல்கள் பூட்டில்லாத மேசை இழுப்பறையில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை நான் ஏற்றுக்கொள்கிறேன். மற்றவர்களும் அவ்வாறே செய்ய வேண்டும்.

கோத்தகிரி வாசகி:
இருவருக்கும் நன்றி. 1909இல் பதிந்துவிட்டேன். தரகர் பதிவேடு வேண்டுமென்று நம் தொகுதி எம்.பி.க்கு ஒரு மனு எழுதுகிறேன். வழக்கறிஞர் ஐயா அதைத் திருத்தித் தர முடியுமா?