பயிற்சி முடியும் முன்னர் இசைச் சிகிச்சையாளர் என்று பெயர் போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: கொக்குவில் மாணவி

அனைவருக்கும் வணக்கம். மருதனார்மடத்தில் கர்நாடக சங்கீதத்தில் பட்டம் பெற்ற நான், இப்போது தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் இசைச் சிகிச்சை டிப்ளோமாவைத் தொலைக்கல்வி முறையில் பயின்று வருகிறேன். செயன்முறைப் பயிற்சிக்காக வலிகாமத்திலுள்ள முதியோர் இல்லம் ஒன்றுக்கும், விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான நிலையம் ஒன்றுக்கும் கிழமையில் மூன்று நாள்கள் போய் வருகிறேன். என்னுடைய மேற்பார்வையாளர் சென்னையில் இருக்கிறார். கிழமைக்கு ஒரு தடவை காணொளி அழைப்பில் பேசிக்கொள்வோம்.

சென்ற மாதம் முதியோர் இல்லத்தின் அறிவித்தல் பலகையில் என் பெயருக்குக் கீழே "இசைச் சிகிச்சை நிபுணர்" என்று அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். அன்பினால் செய்தது என்பதால் நானும் கூச்சத்தோடு பேசாமல் இருந்துவிட்டேன். அதைப் பார்த்த ஒரு குடும்பத்தினர், பக்கவாதத்தால் பேச்சை இழந்த தங்கள் தகப்பனாருக்கு வீட்டுக்கு வந்து சிகிச்சை செய்யும்படியும், ஒரு தடவைக்கு 2,500 ரூபாய் தருவதாகவும் இப்போது கேட்கிறார்கள். படிப்பு முடிய இன்னும் எட்டு மாதங்கள் இருக்கின்றன.

இலங்கையில் இதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா, பயிலுநராக இருக்கும்போது பணம் வாங்கலாமா என்பதை அறிய விரும்புகிறேன். என் சின்னம்மா ஒன்ராறியோவில் இருப்பதால் பின்னர் அங்கே போகும் எண்ணமும் உண்டு. இங்கே செய்யும் மணித்தியாலங்கள் அங்கே கணக்கில் சேருமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: நல்லூரான்

தங்கச்சி, நீங்கள் தேவையில்லாமல் பயப்படுகிறீர்கள் என்றே எனக்குப் படுகிறது. இலங்கை மருத்துவப் பேரவை மருத்துவர்களோடு உடலியக்கச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் போன்ற மருத்துவத் துணைத் தொழிலாளர்களையும் பதிவு செய்கிறது. இசைச் சிகிச்சையாளருக்கென்று அங்கே தனிப் பதிவு கிடையாது. பதிவே இல்லாத தொழிலுக்கு எங்கே போய் அனுமதிப்பத்திரம் எடுப்பது? வட இலங்கைச் சங்கீத சபையின் ஆசிரியர் தரம் சித்தியடைந்தவர்கள் தங்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், யாரும் வந்து பத்திரம் கேட்பதில்லை. ஒரு முதியவருக்குப் பாடிக் காட்டுவதற்கு அனுமதி எதற்கு? போய்ப் பாடுங்கள்.

பதில் 2: ஒன்ராறியோவில் ஓர் உடுவிலூரான்

நல்லூரான் அண்ணை சொன்னதில் முதற்பாதி சரி, பிற்பாதியில் எனக்கு உடன்பாடில்லை. நான் கனடாவில் இசைச் சிகிச்சை படித்து, இப்போது பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளராகப் பணியாற்றுகிறேன். பயிலுநராக இருந்த காலத்தில் இதே குழப்பம் எனக்கும் இருந்தபடியால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

"அனுமதிப்பத்திரம்" என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. சில இடங்களில் சட்டம் பெயரைக் காக்கிறது, சில இடங்களில் செயலைக் காக்கிறது, வேறு சில இடங்களில் தொழில் முழுவதையும் காக்கிறது. ஒன்ராறியோவில் "இசைச் சிகிச்சையாளர்" என்ற பெயருக்குத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2007 இல் நிறைவேறி 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உளச்சிகிச்சைச் சட்டத்தின்படி, உளச்சிகிச்சையாளர் என்ற பெயரைப் பதிவில்லாமல் சூடிக்கொள்ள முடியாது. கடுமையான உளப் பாதிப்புள்ளவர்களுக்கு உளச்சிகிச்சை செய்வதும் 2017 இறுதியிலிருந்து கட்டுப்படுத்தப்பட்ட செயலாகிவிட்டது. இசைச் சிகிச்சையாளர் பலர் செய்வது அந்த வரம்புக்குள் விழுவதால், எங்களில் கணிசமானோர் உளச்சிகிச்சையாளர் கல்லூரியில் பதிந்துகொண்டோம். இந்தக் "கல்லூரி" படிப்பிக்கும் இடமன்று, தொழிலை ஒழுங்குபடுத்தும் சபை. இந்தப் பெயரால் ஊரிலுள்ள அம்மா நான் இன்னும் படித்துக்கொண்டிருப்பதாகவே சொல்லித் திரிகிறார்.

பயிலுநர் விடயத்துக்கு வருகிறேன். அந்த மாகாணத்தின் ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் 29 ஆம் பிரிவில் மாணவர்களுக்கு விலக்கு உண்டு. தொழிலில் சேர்வதற்கான தகைமையைப் பூர்த்திசெய்யும் மாணவர், அத்தொழிலின் உறுப்பினர் ஒருவரின் மேற்பார்வையிலோ பணிப்பிலோ, அத்தொழிலின் எல்லைக்குள் அடங்கும் செயலைச் செய்யலாம். நிபந்தனைகள் மூன்றும் ஒருங்கே இருக்கவேண்டும், ஒன்று விலகினாலும் விலக்கு இல்லை. படிப்பு ஏறத்தாழ நிறைவடையும்போது "தகைமை பெறுபவர்" என்ற இடைநிலைப் பதிவு ஒன்று கிடைக்கும். அந்த நிலையில் இருப்பவர் கட்டணம் வாங்கலாம். ஆனாலும் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அந்தச் சொல்லை எழுதவேண்டும், மேற்பார்வையும் தொடரவேண்டும். சேவை பெறுநரோடு நேரடியாக 450 மணித்தியாலமும், மேற்பார்வையில் 100 மணித்தியாலமும் நிறைவுசெய்து, பரீட்சையிலும் சித்தியடைந்த பின்னரே முழுப் பதிவு கிடைக்கும்.

அமெரிக்காவில் வழி வேறு. அங்கே பட்டப்படிப்போடு குறைந்தது 1,200 மணித்தியாலப் பயிற்சி வேண்டும், அதில் குறைந்தது 900 உள்ளகப் பயிற்சியாக அமையவேண்டும். பின்னர் தேசிய சான்றளிப்புச் சபையின் பரீட்சை. மாநில அனுமதிப்பத்திரம் 2011 இல் நெவாடாவிலும் வட டக்கோட்டாவிலும் தொடங்கியது, எல்லா மாநிலங்களிலும் இன்னும் இல்லை. அத்தகைய சட்டங்கள் பலவற்றிலும் மாணவர்களுக்கு விலக்கு உண்டு, கூடவே அவர்கள் தங்களை இசைச் சிகிச்சையாளர் என்று காட்டிக்கொள்ளக்கூடாது என்ற வரியும் உண்டு. நியூயோர்க்கில் இது படைப்புக்கலைச் சிகிச்சையாளர் என்ற அனுமதிப்பத்திரத்துக்குள் அடங்குகிறது. முதுமாணி முடித்தவர் 1,500 மணித்தியால அனுபவத்தைச் சேர்ப்பதற்கென்று அங்கே மட்டுப்படுத்தப்பட்ட அனுமதி ஒன்றைத் தருகிறார்கள்.

உங்கள் மணித்தியாலங்கள் இங்கே சேருமா என்பது, அந்த டிப்ளோமாவைச் சபை எவ்வாறு மதிப்பிடும் என்பதைப் பொறுத்தது. ஒன்று மட்டும் உறுதி. மேற்பார்வையாளரின் கையொப்பம் இல்லாத மணித்தியாலத்தை எந்தச் சபையிடமும் காட்ட முடியாது. 2,500 ரூபாய்க்காக நீங்கள் தனியே போகும் ஒவ்வொரு நாளும் உங்கள் பயிற்சிக் கணக்கில் விடுபட்ட நாளாகவே இருக்கும்.

பதில் 3: ஹரோவிலிருந்து

ஐக்கிய இராச்சியத்தில் "இசைச் சிகிச்சையாளர்" என்பது சட்டத்தால் காக்கப்பட்ட பெயர். சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் பேரவையின் பதிவேட்டில் இல்லாதவர் அதைப் பயன்படுத்துவது குற்றம். முதுமாணிப் பயிற்சியை முடித்துச் சான்றிதழைக் கையில் வைத்திருந்தாலும், பதிவு கிடைக்கும் நாள்வரை அந்தப் பெயரில் வேலை செய்ய முடியாது. என் மருமகள் பயிற்சியில் இருந்தபோது, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் பயிலுநர் என்ற சொல் அவருடைய பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு நோயாளியிடமும் முதலில் அதைச் சொல்லிச் சம்மதம் கேட்ட பிறகுதான் இசைக்கருவியை எடுப்பார்.

பதில் 4: ஓய்வுபெற்ற தாதி, சண்டிலிப்பாய்

பிள்ளை, நான் உளநலப் பிரிவுகளில் நீண்டகாலம் கடமையாற்றியவள். பாடுவதற்கு அனுமதி எதற்கு என்று நல்லூரான் தம்பி கேட்டிருக்கிறார். பாடுவதற்கு வேண்டாம் தம்பி. கோயிலில் தேவாரம் பாடுகிறோம், இல்லங்களில் பஜனை வைக்கிறோம், அவற்றால் மனம் ஆறுதலடைவதும் உண்மை. ஆனால் "உங்கள் நோய்க்கு இது சிகிச்சை" என்று சொல்லி ஒருவரின் முன்னால் அமரும் கணத்திலிருந்து, அதன் பின்னர் நடப்பதற்கு நீங்கள் பொறுப்பாளி ஆகிறீர்கள்.

யுத்தம் முடிந்த காலத்தில் நலன்புரி நிலையம் ஒன்றுக்கு இளைஞர் சிலர் இசையால் ஆறுதல் தருவதாகச் சொல்லி வந்தார்கள். நல்ல பிள்ளைகள், நல்ல நோக்கம். தவிலில் மூன்றாவது அடி விழுந்ததும், பின்வரிசையில் இருந்த தாய் ஒருவர் தன் மகனை இழுத்து நெஞ்சோடு அணைத்தபடி மேசைக்கடியில் புகுந்துவிட்டார். வாசித்தவர்கள் அதைக் காணவில்லை, முன்வரிசையில் கைதட்டல் நடந்துகொண்டிருந்தது. அந்தத் தாயை வெளியே எடுத்து, மூச்சைச் சீராக்கி, அழ விட்டு, தூங்கவைக்க எங்களுக்கு இரவு பத்து மணியாகிவிட்டது. இளைஞர்கள் மாலையிலேயே வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்கள். மேற்பார்வை என்று நான் சொல்வது, அந்த மேசைக்கடியைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்த அறையிலோ, அழைத்தால் உடனே வரக்கூடிய தூரத்திலோ இருப்பதைத்தான். சென்னையிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை பேசுபவரால் அதைச் செய்ய முடியாது.

வாகனத்தில் "எல்" பலகையைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் பயிற்றுநரையும் இருத்திக்கொண்டு கே.கே.எஸ். வீதியில் ஓட்டினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். பலகையைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாக வாடகைக்கு ஓட்டினால் அது வேறு கதை.

அந்தத் தகப்பனாரின் விடயம் எனக்கு வேறொரு கவலையைத் தருகிறது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்தவர்களில் சிலர், ஒரு சொல்லைக்கூடச் சொல்ல முடியாத நிலையிலும் பழகிய பாட்டின் வரிகளைப் பாடிவிடுவார்கள். இதை அடிப்படையாகக் கொண்டு சொற்களை மெட்டோடு பழக்கும் முறையொன்று 1973 இல் பொஸ்ரனில் வகுக்கப்பட்டது. எல்லாருக்கும் அது பொருந்தாது. யாருக்குப் பொருந்தும் என்பதைப் பேச்சு, மொழிச் சிகிச்சையாளர் பரிசோதித்துச் சொல்லவேண்டும். பக்கவாதம் வந்தவர்கள் பலருக்கு விழுங்குவதிலும் சிக்கல் இருக்கும். நீங்கள் பாட வைப்பீர்கள், தொண்டை காய்ந்துவிட்டதென்று வீட்டுக்காரர் ஒரு மிடறு பிளேன்ரீ கொடுப்பார்கள், அது புரையேறிச் சுவாசப்பைக்குள் போகும். நியூமோனியா அப்படித்தான் வருகிறது. பாட்டிலே பிழையில்லை, ஆனால் அந்த ரீயைத் தடுக்கவேண்டும் என்று உங்களுக்கு யாராவது சொல்லித் தந்திருக்கிறார்களா?

மீண்டும் கேள்வியாளர்: கொக்குவில் மாணவி

இல்லை அம்மா, யாரும் சொல்லித் தரவில்லை. அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

இன்று காலை இல்லப் பொறுப்பாளரிடம் பேசினேன். "நிபுணர் என்று போட்டால்தானே மரியாதை" என்று முதலில் சிறிது மனத்தாங்கல் கொண்டாலும், பின்னர் சம்மதித்தார். புதிய அறிவித்தலில் "இசைச் சிகிச்சைப் பயிலுநர், மேற்பார்வையின் கீழ்" என்று இருக்கும். அந்தக் குடும்பத்திடமும் நான் இன்னும் படித்துக்கொண்டிருப்பவள் என்பதைச் சொன்னேன். அவர்கள் கோபிக்கவில்லை. அடுத்த கிளினிக் நாளில் பேச்சுச் சிகிச்சையாளரிடம் ஐயாவைக் காட்டுவதாகவும், அவர் சம்மதித்தால் அவர் முன்னிலையிலேயே நான் வந்து பாடலாம் என்றும் சொன்னார்கள். பணத்தைப் பற்றிய பேச்சை நானே நிறுத்திவிட்டேன்.

இரண்டு சந்தேகங்கள் இன்னும் உண்டு. என் மணித்தியாலப் புத்தகத்தில் சுருதிப்பெட்டியைச் சரிசெய்வது, பாடல் தெரிவு செய்வது, போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்து 420 என்று எழுதி வைத்திருக்கிறேன். அது சரியா? மேற்பார்வையாளருக்குக் காட்டுவதற்காகப் பிள்ளைகளின் அமர்வுகளைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பி வந்தேன். அதில் ஏதேனும் தவறு உண்டா?

பதில் 5: ஒன்ராறியோவில் ஓர் உடுவிலூரான்

புத்தகத்தைப் பிரித்து எழுதுங்கள். ஒருவரோடு நேரில் அமர்ந்து செய்த நேரம் ஒரு நிரலில், ஆயத்தமும் குறிப்பெழுதுவதும் இன்னொரு நிரலில், மேற்பார்வையாளரோடு பேசிய நேரம் மூன்றாவது நிரலில் வரட்டும். நான் மேலே சொன்ன 450 இல் முதலாவது நிரல் மட்டுமே சேரும். போக்குவரத்தை எங்கேயும் எழுத வேண்டாம், மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரத்துக்கு எந்தச் சபையும் புள்ளி தராது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் திகதியோடு மேற்பார்வையாளரின் கையொப்பம் இருக்கட்டும். எட்டு மாதம் கழித்து மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். என் வகுப்புத் தோழி ஒருவர் அப்படி விட்டு, மேற்பார்வையாளர் வேலை மாறிப் போனபின் ஏறத்தாழ ஒரு தவணைப் பயிற்சியைத் திரும்பச் செய்தார். தாதி அம்மா சொன்னதற்கமைய, உள்ளூரில் மருத்துவமோ உளநலமோ தெரிந்த ஒருவரை இடத்து மேற்பார்வையாளராக எழுத்தில் அமர்த்தும்படி உங்கள் நிறுவனத்தைக் கேளுங்கள்.

காணொளி அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் சுகாதாரம் பற்றிய தகவலையும் பிள்ளைகளைப் பற்றிய தகவலையும் விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. பெற்றோரிடம் எழுத்துமூலச் சம்மதம் பெறவேண்டும். எதற்காகப் பதிவு செய்கிறீர்கள், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்ற மூன்றும் அந்தத் தாளில் தமிழில் இருக்கவேண்டும். இதுவரை அனுப்பியவற்றைச் சென்னையிலும் அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் தொலைபேசியின் படத்தொகுப்பிலும் பாருங்கள், வாட்ஸ்அப் அங்கேயும் ஒரு பிரதியைச் சேமித்து வைத்திருக்கக்கூடும்.

பதில் 6: நல்லூரான்

பிளேன்ரீ விடயம் எனக்கும் தெரியாது. என் மாமனாருக்குச் சென்ற வருடம் பக்கவாதம் வந்தபோது நாங்கள் கரண்டியால்தான் பருக்கினோம். தாதி அம்மா, அதையும் பேச்சுச் சிகிச்சையாளரிடம்தான் கேட்கவேண்டுமா?

பதில் 7: ஓய்வுபெற்ற தாதி, சண்டிலிப்பாய்

ஆம் தம்பி, அவரிடம்தான். அவர் பார்த்துச் சொல்லும்வரை, குடிக்கக் கொடுக்கும்போதெல்லாம் ஆளை நன்றாக நிமிர்த்தி இருத்துங்கள். இருமல் வந்தாலோ குரல் கரகரத்தாலோ உடனே நிறுத்திவிட்டு, கிளினிக் நாளுக்குக் காத்திராமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.