‘தேவை’ என்ற ஒரே சொல் போதுமா? அறுவை மருத்துவர் எண்ணிக்கையைக் கணிப்பதற்கான கலைச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்ற உரைக்கான படவில்லைகளை மொழிபெயர்த்தபோது எழுந்த ஐயத்தைச் சென்ற வாரம் இங்கே முன்வைத்திருந்தேன். இன்னும் பத்து, இருபது ஆண்டுகளில் ஒரு நாட்டுக்கு எத்தனை துறைசார் அறுவை மருத்துவர்கள் வேண்டியிருக்கும் என்று கணக்கிடும் வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்பதே அது. மறுமொழிகளில் பெரும்பாலானவை ‘தேவை முன்கணிப்பு’ என்பதில் வந்து நின்றன. அதை ஏற்பதில் எனக்கு இரண்டு தடைகள் உள்ளன.

சிறிய தடையை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவ எழுத்தில் ‘முன்கணிப்பு’ ஏற்கெனவே குடியேறிவிட்ட சொல். ஒரு நோய் இனி எப்படிப் போகும், நோயாளி தேறுவாரா என்பது குறித்த மருத்துவரின் கணிப்பையே அது சுட்டுகிறது. புற்றுநோயைப் பற்றியும் மருத்துவர் எண்ணிக்கையைப் பற்றியும் பேசும் ஒரே அறிக்கையில் இச்சொல் இரண்டு பொருளில் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். இலங்கை அன்பர் பரிந்துரைத்த ‘எதிர்வுகூறல்’ அழகான சொல்தான் என்றாலும், அது கூறுவதை முன்னிறுத்துகிறதே தவிர கணக்கிடுவதை அன்று. வெறும் ‘கணிப்பு’ போதும் என்பது என் எண்ணம். ஜாதகம் கணிப்பவரும் வரப்போவதைத்தானே கணிக்கிறார்?

பெரிய தடை ‘தேவை’யில் இருக்கிறது. என் புளோக்கின் ஏழாம் மாடியில் வசிக்கும் பாட்டி ஒருவர், மின்தூக்கியிலிருந்து இறங்கி அஞ்சல் பெட்டிக்குப் போவதற்குள் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூட்டு மாற்று அறுவை செய்துகொள்ளலாம் என்று எலும்பு மருத்துவர் சொல்லி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. “இந்த வயசுல கத்தி எதுக்குய்யா?” என்று சிரித்துவிட்டுக் கடிதங்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருக்குத் தேவை இருக்கிறது. ஆனால் அவர் கேட்கவில்லை. உடற்பயிற்சியிலேயே சரியாகக்கூடிய முதுகுவலிக்கு அறுவைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களையும் நாம் அறிவோம். அவர்கள் கேட்கிறார்கள், தேவை இல்லை. முதலாமவரை எண்ணிக் கணித்தால் ஒரு விடையும், இரண்டாமவரை எண்ணிக் கணித்தால் வேறொரு விடையும் வரும்.

தமிழ்நாட்டுப் பொருளியல் பாடநூல்களோ சந்தையில் கேட்கப்படுவதையே ‘தேவை’ என்கின்றன. ‘தேவையும் அளிப்பும்’ படித்து வளர்ந்தவர்கள் நாம். இலங்கையில் அதையே ‘கேள்வி’ என்றும் ‘நிரம்பல்’ என்றும் சொல்கிறார்கள். வேறுபாடு அங்கே காக்கப்படுகிறது. ஆனால் ‘அறுவை மருத்துவர்களுக்கான கேள்வி’ என்று எழுதினால் இங்குள்ள வாசகர் வினாத்தாளைத் தேடுவார். எனவே ‘கேட்பு’ என்பதை முன்மொழிகிறேன். வங்கியில் வாங்கும் ‘கேட்பு வரைவோலை’யில் (டிமாண்ட் டிராஃப்ட்) இப்பொருளில் அது முன்பே வழங்கி வருகிறது. நம் அண்டை மொழியான மலாயும் இதே வழியில்தான் செல்கிறது: தேவைக்குக் ‘கெப்பெர்லுவான்’, கேட்புக்குக் ‘கேள்’ என்னும் பொருளுடைய ‘மிந்தா’விலிருந்து பிறந்த ‘பெர்மிந்தாஆன்’.

இது வெறும் சொற்சண்டை அன்று. அமெரிக்காவில் 1980-இல் ஒரு தேசிய ஆலோசனைக் குழு, எந்த நோய்க்கு எவ்வளவு சிகிச்சை வேண்டும் என்று வல்லுநர்களைக் கேட்டு, தேவையின் அடிப்படையில் கணக்கிட்டு, 1990-இல் சுமார் 70,000 மருத்துவர்கள் மிகையாக இருப்பர் என்றது. 2006-இல் அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் சங்கமோ மாணவர் சேர்க்கையை 30 விழுக்காடு உயர்த்தச் சொன்னது. எதை எண்ணினார்கள் என்பது தெரியாமல் இவ்விரண்டையும் அருகருகே வைத்து எவராலும் ஒப்பிட முடியாது. தேவையும் நிலையானதன்று. இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு நுண்ணுயிரியே காரணம் என்று ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் 1980-களில் காட்டிய பின், ஒரு காலத்தில் அறுவை அரங்குகளை நிறைத்திருந்த அந்தச் சிகிச்சை மாத்திரைக்குச் சுருங்கியது. மறுபுறம், சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 2030 வாக்கில் 65 வயதையோ அதற்கு மேற்பட்ட வயதையோ எட்டியிருப்பார் என்பதால், கண்புரைக்கும் மூட்டுக்கும் வேலை கூடும். இங்கு இன்று மருத்துவக் கல்லூரியில் சேரும் மாணவர் பொது அறுவைத் துறையில் தனித்து இயங்க, படிப்புக்கு 5, பயிற்சி மருத்துவராக 1, துறைப் பயிற்சிக்கு 5 என்று குறைந்தது 11 ஆண்டுகள் ஆகும்; ஆண்களுக்குத் தேசிய சேவை வேறு. அதனால்தான் இந்தக் கணிப்பு முன்கூட்டியே வேண்டியிருக்கிறது.

ஆகவே ‘வருபுனல்’ போல வினைத்தொகையாக ‘வருதேவை’, ‘வருகேட்பு’ என்ற இரண்டையும் ஆக்கி, ‘வருதேவைக் கணிப்பு’, ‘வருகேட்புக் கணிப்பு’ என்று வழங்கலாம். காலம் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் ‘எதிர்கால’ என்ற அடைமொழி வேண்டியதில்லை.

மருத்துவரின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். ‘அறுவை சிகிச்சை நிபுணர்’ என்ற வழக்கில் நிபுணர் முன்பே வந்துவிடுவதால், அதற்குமேல் ‘சிறப்பு’ சேர்த்தால் சொல் இரட்டிக்கிறது. ‘துறைசார் அறுவை மருத்துவர்’ அதைத் தவிர்க்கிறது. ‘அறுவை’ என்றதும் இளைஞர்கள் சிரிக்கிறார்கள் என்று சென்னை அம்மையார் எழுதியது உண்மைதான். சிரிக்கட்டும், மேசையில் படுக்கும்போது நின்றுவிடும்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “மூட்டு அறுவை மருத்துவர்களுக்கான வருதேவை, வருகேட்பைவிட அதிகம், அஞ்சி ஒதுங்கும் முதியோரே அதற்கு ஒரு காரணம்.” எனக்கு இடறவில்லை. ‘வருகேட்பு’ மட்டும் பேச்சில் சற்று முரடாக ஒலிக்கிறது. அதைவிட மென்மையான சொல் உங்களிடம் இருந்தால், வெள்ளிக்கிழமை படவில்லைகளை ஒப்படைக்குமுன் எழுதுங்கள்.