மறு: தேடுபொறி உகப்பாக்கம் என்ற சொல் போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

எஸ்இஓ (சர்ச் எஞ்ஜின் ஆப்டிமைசேஷன்), அதாவது கூகுள் போன்ற தேடுபொறிகளில் நம் இணையப் பக்கம் எளிதாகக் கிடைக்கும்படி செய்யும் வேலை, இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தொடங்கிய இந்த இழையின் மடல்களை எல்லாம் மொத்தமாகப் படித்தேன். தேடுபொறி உகப்பாக்கம், தேடல் மேம்பாடு, தேடல் முன்னிலை, தேடல் புலப்பாடு என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆதரவும் உண்டு, எதிர்ப்பும் உண்டு. எனக்குப் படுவது இது: இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே சொல்லைத் தேடுவதால்தான் இத்தனை இழுபறி. தளத்தின்மேல் நாம் செய்கிற வேலை ஒன்று. அந்த வேலையால் தேடுபவர் கண்ணில் நம் பக்கம் படுகிற நிலை இன்னொன்று. பேச்சில் இரண்டையும் எஸ்இஓ என்றே சொல்லிவிடுகிறோம். கலைச்சொல்லிலாவது இவற்றைப் பிரித்துவிட்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

முதலில் வேலைக்கான சொல்.

> உகப்பாக்கம் யாருக்கும் புரியவில்லை. எளிமையாகத் தேடல் மேம்பாடு என்றே வைத்துக்கொள்ளலாமே?

எளிமை வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் தேடல் மேம்பாடு என்றதும் தேடலை மேம்படுத்துவது என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது. அது கூகுளிலும் பிங்கிலும் இருக்கும் பொறியாளர்களின் வேலை. நாம் தேடலைத் தொடுவதே இல்லை. நம் பக்கத்தைத் தேடலுக்கு ஏற்றதாக ஆக்குகிறோம். இங்கேதான் உகப்பு என்ற சொல்லின் அருமை தெரிகிறது. உகத்தல் இயல்பாகவே நான்காம் வேற்றுமையை எடுக்கும்: பருவத்துக்கு உகந்த பயிர், உடலுக்கு உகந்த உணவு. ஆகவே தேடல் உகப்பாக்கம் என்றால் தேடலுக்கு உகந்ததாக்குவது என்று தொகையை விரிப்பதில் சிக்கலே இல்லை. மேம்பாட்டை அப்படி விரிக்க முடியாது. கணிதத்தில் உகமத் தீர்வு என்று முன்பே எழுதுகிறோம், எனவே அந்தக் குடும்பத்தோடும் இது சேர்ந்துகொள்ளும். உகப்பாக்கம் புதிதாகத் தோன்றலாம். ‘உகந்த’ என்பதை அறியாத தமிழர் யாரும் இல்லை.

தொல்காப்பிய உரியியலில் ‘உகப்பே உயர்தல்’ என்று வருவதை மூத்த நண்பர் ஒருவர் எடுத்துக்காட்டியிருந்தார். தேடல் முடிவுகளில் மேலே ஏறுவதைப் பற்றிப் பேசும்போது அந்தப் பழம்பொருளும் கூட வந்து நிற்பது மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனாலும் சொல்லின் பொருத்தத்தை நான் அதன்மேல் நிறுத்தமாட்டேன். இன்றைய வாசகருக்கு ‘உகந்த’ என்ற பொருளே போதும்.

அடுத்து, தேடுபொறியா, தேடலா? நான் ‘பொறி’யை எடுத்துவிடச் சொல்கிறேன். அதற்கு வரலாறு சார்ந்த காரணம் இருக்கிறது.

ஆங்கிலப் பெயர் 1990களின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்தது. அப்போதைய தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் ஒரு சொல் எங்கே வருகிறது, எத்தனை முறை வருகிறது என்பதைப் பார்த்தே வரிசைப்படுத்தின. பொறியைத் திருப்திப்படுத்துவதே வேலையாக இருந்தது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். வெள்ளைப் பின்புலத்தில் வெள்ளை எழுத்தில் சொற்பட்டியலை ஒளித்து வைப்பார்கள். படிக்க வருகிறவருக்கு இதில் எந்தப் பயனும் இல்லை. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்துக்குப் பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகளையும் மதிப்பிடும் பேஜ்ரேங்க் முறையைக் கொண்டுவந்தார்கள். உடனே இணைப்புகளை விலைக்கு வாங்கும் வழக்கம் வந்தது. அதற்கெனவே வெற்றுத் தளங்களை உருவாக்கி ஒன்றோடொன்று கோத்து வைத்தார்கள். இணைப்புக்கு மதிப்பு வேண்டாம் என்று குறிக்க 2005இல் நோஃபாலோ என்ற குறி வந்தது. பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதும் கீவேர்ட்ஸ் மேல்நிலைக் குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இல் வெளிப்படையாகவே அறிவித்தது. 2011இல் வந்த பாண்டா என்ற கூகுள் தரவரிசை மாற்றம், சத்தில்லாத உள்ளடக்கத்தைக் கீழே தள்ளியது. 2012இல் வந்த பெங்குவின் என்ற மாற்றம், செயற்கையான இணைப்புகளைக் குறிவைத்தது. 2019இல் பெர்ட் என்ற மொழி மாதிரி தேடலுக்குள் வந்தபின் வினவலைச் சொல் சொல்லாகப் பார்க்காமல் முழுத் தொடராகப் புரிந்துகொள்ளும் திறன் கூடியது.

பொறியை ஏமாற்றுகிற வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டு, தேடுகிறவரின் தேவை நோக்கி வேலை நகர்ந்திருக்கிறது. பெயரும் அந்தப் பக்கம் நகரட்டுமே. அதோடு இன்று தேடல் என்பது தேடுபொறிக்குள் மட்டும் நடப்பதும் இல்லை. யூடியூபுக்குள் தேடுகிறார்கள், செயலிக் கடைகளில் தேடுகிறார்கள், வரைபடத்தில் தேடுகிறார்கள், உரையாடும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார்கள். தேடல் உகப்பாக்கம் என்ற சொல்லுக்குள் இவை அத்தனையும் அடங்கும். தேடுபொறி உகப்பாக்கம் என்றால் ஒவ்வொன்றுக்கும் புதுப்பெயர் தேட வேண்டிவரும்.

> வாடிக்கையாளருக்குப் புரிவது முதலிடம் ஒன்றுதான். தேடல் முன்னிலை என்று சொன்னால் என்ன விற்கிறோம் என்று உடனே தெரிந்துவிடும்.

இந்தச் சொல்லை நான் முழுமனதாக எதிர்க்கிறேன். யாராலும் உறுதி தர முடியாத ஒன்றைப் பெயரிலேயே வாக்குறுதியாக வைக்கிறது. முதலிடத்துக்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் தன் வழிகாட்டிக் குறிப்பிலேயே சொல்கிறது. ஒரே வினவலுக்கு இரண்டு பேருக்கு இரண்டு வரிசை வரலாம். இடம், மொழி, கருவி எல்லாம் முடிவை மாற்றும். இத்தனை வாரத்தில் முதலிடம் என்று சொல்லிப் பணம் வாங்குபவர்களால் சிறு தொழில் செய்பவர்கள் ஏமாறுவது குறையவில்லை. நாம் தருகிற கலைச்சொல் அந்த வாக்குறுதிக்குத் துணைபோகக் கூடாது.

இப்போது நிலைக்கான சொல்லுக்கு வருகிறேன். அதற்குத்தான் புலப்பாடு. வெளிப்படு வெளிப்பாடு ஆவதுபோல், மேம்படு மேம்பாடு ஆவதுபோல், புலப்படு புலப்பாடு ஆகிறது. இலக்கியத் திறனாய்வில் மட்டும் புழங்கும் சொல் என்று ஒரு நண்பர் தயங்கினார். ‘புலப்படவில்லை’ என்று நாளிதழிலேயே எழுதுகிறார்கள், அதனால் அந்தத் தயக்கம் எனக்கு இல்லை.

வேலையையும் நிலையையும் இப்படிப் பிரித்தால் கிடைக்கும் நன்மையை ஒரு எடுத்துக்காட்டால் சொல்கிறேன். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியைத் திறந்தால் நான்கு அளவுகள் தெரியும்: முடிவுப் பட்டியலில் நம் பக்கம் எத்தனை முறை தோன்றியது, எத்தனை முறை சொடுக்கினார்கள், இரண்டுக்கும் உள்ள விகிதம், சராசரி இடம். இவற்றில் தோற்ற எண்ணிக்கையும் சராசரி இடமும் புலப்பாட்டைச் சொல்பவை. சொடுக்கு என்பது வருகை. புலப்பாடு கூடி, வருகை கூடாமல் போவது இப்போது நிறைய நடக்கிறது. தேடுபவருக்கு வேண்டிய விடையை முடிவுப் பக்கமே துணுக்காகக் காட்டிவிட்டால் அவர் உள்ளே வரமாட்டார். 2024 முதல் கூகுள் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தை மேலே காட்டத் தொடங்கியபின் இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. ‘உகப்பாக்கம் ஒழுங்காக நடந்தது, புலப்பாடும் கூடியது, ஆனால் சொடுக்கு விகிதம் குறைந்துவிட்டது’ என்று தமிழில் ஒரு அறிக்கை எழுத முடிகிறது. எல்லாவற்றுக்கும் எஸ்இஓ என்று எழுதினால் எது நடந்தது, எது நடக்கவில்லை என்றே சொல்ல முடியாது.

> தேடற்புலப்பாடு, தேடலுகப்பாக்கம் என்று புணர்த்தி எழுதுவதே முறை.

இலக்கணப்படி நீங்கள் சொல்வது சரிதான், ஐயா. ஆனால் இந்தச் சொல்லே தேடலில் அகப்பட வேண்டிய சொல். தேடல் என்பது தேடற் ஆனதும் கணினிக்கு அது வேறு எழுத்துக்கோவை. தளத்துக்குள் இருக்கும் எளிய தேடல் வசதி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால் ‘தேடல்’ என்று தட்டுகிறவருக்கு ‘தேடற்புலப்பாடு’ கிடைக்காது. இடைவெளி விட்டு எழுதினால் கிடைக்கும். வேற்றுமை உருபு ஏறும்போது புலப்பாட்டை, புலப்பாட்டில் என்று மாறுவதைத் தவிர்க்க முடியாது, அது மொழியின் இயல்பு. தவிர்க்க முடிகிற இடத்திலாவது பிரித்து எழுதலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதையொட்டி இன்னொன்று. தமிழ்ச் சொற்களைப் பக்க முகவரியில் வைக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். வைக்கலாம், தேடுபொறிகள் புரிந்துகொள்ளும். ஆனால் யுனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. நகலெடுத்து ஒட்டும்போது முகவரி விழுக்காட்டுக் குறிகளாக விரிந்தால் ஒரு குறிக்கு 9 எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லில் 5 குறிகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி), ஆக 45 எழுத்து. மடலில் அனுப்பினால் பார்ப்பவர் மிரண்டுவிடுவார். முகவரியைச் சுருக்கமாக வையுங்கள், தமிழைத் தலைப்பிலும் உள்தலைப்புகளிலும் தாராளமாக எழுதுங்கள்.

இனி சுற்றியுள்ள சொற்கள். இவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பேக்லிங்க் என்பதற்குப் பின்னிணைப்பு என்று பலரும் எழுதுகிறார்கள். தமிழ் நூல்களில் பின்னிணைப்பு என்றால் நூலின் கடைசியில் சேர்க்கும் பகுதி. ‘இந்தத் தளத்துக்குப் பின்னிணைப்புகள் குறைவு’ என்று படிக்கிறவர் வேறு எதையோ நினைப்பார். பிற தளத்திலிருந்து நம்மிடம் வருவது என்ற பொருளில் வருதொடுப்பு என்று சொல்லலாம். நம்மிடமிருந்து வெளியே போவது செல்தொடுப்பு, தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போவது உள்தொடுப்பு. மூன்றும் ஒரே அச்சில் வருவதால் நினைவில் நிற்கும்.

இண்டெக்ஸ் என்பதற்கு அட்டவணை, சுட்டி என்றெல்லாம் வருகிறது. அட்டவணை ஏற்கெனவே டேபிளுக்குப் போய்விட்டது. சுட்டி சிலருக்கு மவுஸ், சிலருக்கு இணைப்பு. நம்மிடம் அடைவு என்ற அருமையான சொல் இருக்கிறது. ஒரு சொல் நூலில் எந்தெந்த இடங்களில் வருகிறது என்று வரிசையாகக் காட்டுவதைப் பதிப்பாசிரியர்கள் சொல்லடைவு என்றார்கள். தேடுபொறி உள்ளுக்குள் வைத்திருப்பதும் அதுவேதான்: ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் பக்கங்களின் பட்டியல். ஆகவே அடைவாக்கம், அடைவில் சேர்ந்தது, அடைவிலிருந்து நீக்கியது என்று அச்சமின்றி எழுதலாம். ‘பக்கம் இன்னும் அடைவில் ஏறவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள், தானாகவே வந்து உட்காருகிறது.

மற்றவை சுருக்கமாக. ஆர்கானிக் முடிவுக்குக் கரிம முடிவு என்ற மொழிபெயர்ப்பை நானும் பார்த்திருக்கிறேன். அது வேதியியல் சொல், இங்கே பொருந்தாது. பணம் கொடுக்காமல் வருவது இயல்பு முடிவு, கொடுத்து வருவது விளம்பர முடிவு. இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரத்துக்குச் செலவழித்தால் இயல்பு முடிவிலும் மேலே ஏறலாம் என்று நம்புகிறவர்கள் ஏராளம். ஏறாது. சொடுக்குக்கு இவ்வளவு என்று ஏலம் கேட்டு வாங்கும் இடம் தனி, இயல்பு வரிசை தனி. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் தேடல் சந்தைப்படுத்தல் என்று வைத்துக்கொள்ளலாம். கீவேர்டுக்குத் திறவுச்சொல் வேண்டாம், கடவுச்சொல்லோடு குழம்பும். தேடுசொல் போதும், நேராக இருக்கிறது.

அப்புறம் நடைமுறை பற்றி ஒரு வேண்டுகோள். நாம் முடிவு செய்யும் சொல்லை மட்டும் தலைப்பில் வைத்துக் கட்டுரை எழுதினால் அதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஏனென்றால் இன்று அந்தச் சொல்லைத் தட்டித் தேடுகிறவர் இல்லை. எஸ்இஓ என்றுதான் தட்டுகிறார்கள். எனவே தலைப்பிலும் முதல் பத்தியிலும் ‘எஸ்இஓ எனும் தேடல் உகப்பாக்கம்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுவோம். கீழே போகப்போகத் தமிழ்ச்சொல்லை மட்டும் ஆளலாம். சில ஆண்டுகள் இப்படி எழுதினால் சொல்லுக்கே ஒரு புலப்பாடு வந்துவிடும்.

கடைசியாக, எனக்கு விடை தெரியாத ஒன்று. தேடுபொறியின் நிரல் பக்கம் பக்கமாகப் போய்ப் படிப்பதை (ஆங்கிலத்தில் கிரால்) என்னவென்று சொல்வது? தவழ்தல் என்றால் குழந்தை நினைவு வருகிறது, ஊர்தல் என்றால் பாம்பு. இந்த நிரல்களுக்கு எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு 1994இலிருந்தே இருக்கிறது, 2022இல் முறையான இணையத் தரமாகவும் ஆகிவிட்டது. நமக்குத்தான் இன்னும் வினைச்சொல் இல்லை. வலம்வருதல் என்று ஒரு யோசனை இருக்கிறது: வலம்வரும் நிரல், வலம் வந்த நாள், வலத்துக்குத் தடை. மூன்றாவது கொஞ்சம் இடிக்கிறது. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், அதையும் சேர்த்தே பட்டியலை விக்சனரியில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்